ஓவசியர் வீட்டுத் துடக்கு

ஏப்ரல் 16

மலர் சொன்னபடி எழுதத் தொடங்குகிறேன். நாற்றுக் கூடாரத்தில் எத்தனை பாகை வெப்பம், நான் என்ன சாப்பிட்டேன், ஓடையை மறித்த பீவரை என்ன செய்தேன் என்று தினமும் எழுதவேண்டும். திரும்பி வந்து வாசிப்பாளாம். முப்பத்திரண்டு வருடமாக என் வாய்ச்சொல்லை நம்பாத மனுசி, கையெழுத்தை மட்டும் நம்பப்போகிறாள்.

காலை எட்டுப் பாகை. கத்தரி நாற்றுகள் இரண்டாவது இலை விட்டிருக்கின்றன. மதியம் சோறு, பருப்பு, வெண்டிக்காய்க் குழம்பு.

கிங்ஸ்ரனில் அவளை மொன்றியல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். மகள் ஆரணிக்கு மே முதற்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். தலைப்பிள்ளை. சரக்கு அரைக்க, பத்தியம் காய்ச்ச, பிள்ளையைக் குளிப்பாட்டத் தாய் போகத்தான் வேண்டும். போகும்போது பஸ் நிலையத்தில் வைத்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, நான் திரும்பி வரேக்குள்ள கீழ்க்காணி தண்ணியாக் கிடந்துதெண்டா இந்த வருசத்தோட தோட்டம் சரி. காணியைக் குடுத்திட்டு மொன்றியலுக்குப் போவம். மேல்மாடி அறை தாறன் எண்டு மருமகன் எத்தினை தரம் சொல்லிப்போட்டார்."

"ஒரு எலிக்குப் பயந்து காணியை விக்கிறதே?"

"எலியோ? ஆட்டுக்கடா அளவு கிடக்கு. போன வருசம் முழுக்கப் பிடிக்கிறன் பிடிக்கிறன் எண்டு சொன்னியள். பயிற்றங்கொடி அழுகினதுதான் மிச்சம்."

பஸ் வந்துவிட்டது. அவளுடைய பெட்டியைத் தூக்கி ஏற்றினேன்.

ஏப்ரல் 19

ஆறு பாகை. சோறு, மீன்குழம்பு, வெண்டிக்காய்ப் பால்கறி.

ஓடைப்பக்கம் போய்ப் பார்த்தேன். காணியின் கீழ்ப்பக்கம் ஓடையை ஒட்டிய இரண்டு ஏக்கர்தான் கறுத்த மண். எங்கள் கத்தரியும் மிளகாயும் பயிற்றையும் அங்கேதான் வளர்ந்து ஸ்காபரோத் தமிழ்க் கடைகளுக்குப் போகின்றன. போன கோடையிலேயே ஓடைக்குக் குறுக்கே பீவர் அணை கட்டிவிட்டது. பனி உருகிய தண்ணீரும் சேர்ந்து இப்போது கீழ்க்காணியின் பாதி குளம். ஜூன் முதற்கிழமை நாற்று நடவேண்டும். அதற்குள் வடியாவிட்டால் இந்த வருடம் தோட்டமில்லை.

ஆளையும் கண்டேன். கொழுத்த நாயளவு உடம்பு, அகப்பை மாதிரி தட்டையான வால், செம்மஞ்சள் பல். பொழுதுபட ஐந்து நிமிடம் இருக்கையில் தண்ணீரில் வந்து அணையின் ஒரு தலைப்பில் ஏறி மறு தலைப்பு வரை நடந்து பார்த்தது. ஓரிடத்தில் நீர் கசிந்தது. கையால் சேற்றை அள்ளி அதில் அப்பிவிட்டு, திரும்பி நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனது. ஊரில் றோட்டும் மதகும் மேற்பார்க்கிற பொதுவேலைப் பகுதி ஓவசியர் ஒருவரும் இவ்வளவு அக்கறையாக ஒரு மதகைப் பார்த்து நான் கண்டதில்லை. எனவே பெயர் ஓவசியர்.

தண்ணீர்க் கரையில் ஒரு தடி நட்டு வைத்தேன்.

ஏப்ரல் 22

கராஜில் கிடந்த கம்பிக் கூட்டைத் துடைத்து எண்ணெய் பூசி அணைக்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே எதையாவது இழுத்தால் கதவு விழும். எலிப்பொறிக்கு என்ன வைப்போமோ அதையே வைத்தேன், சுட்ட கருவாடு. நல்ல கட்டாக் கருவாடு. வைக்கும்போதே எனக்கு வாயூறியது.

சோறு, சொதி, வெண்டிக்காய் வதக்கல்.

ஏப்ரல் 23

கூட்டில் ஒன்று அகப்பட்டது. பீவர் இல்லை. கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு. இதற்குமேல் இன்றைக்கு எழுதமுடியாது, கண் எரிகிறது.

ஏப்ரல் 24

வீட்டிலிருந்த தேசிக்காய் முழுவதும் முடிந்தது. சீயக்காயும் முடிந்தது. உடுப்பைக் கராஜுக்குப் பின்னால் எரித்தேன். பின்பக்கத்தால் நாற்றத் தண்ணீர் பீச்சுகிற ஸ்கங்க் என்ற அந்தப் பிராணி தன் கருவாட்டைத் தின்று முடித்துவிட்டு ஆறுதலாக நடந்து போனது.

மலர் போன் எடுத்தாள்.

"குரல் ஏன் ஒரு மாதிரிக் கிடக்கு? தடிமனோ?"

"மூக்கால மூச்சு விடேல்லை."

"ஏன்?"

"சும்மா."

பிறகுதான் தேடி அறிந்தேன். பீவர் மாமிசமே தொடாதாம். மரப்பட்டை, இலை, தண்ணீர்ப் பூண்டு மட்டும்தானாம். எங்கள் வீட்டில் மலரின் தமையனைவிடச் சுத்த சைவம்.

ஏப்ரல் 28

பன்னிரண்டு பாகை. சோறு, முருங்கைக்காய்க் கறி.

ராசநாயகம் வந்தான். எங்கள் மரக்கறியை தன் வான் வண்டியில் ஸ்காபரோவுக்கும் மொன்றியலுக்கும் ஏற்றிப்போகிறவன். போன வருடம் பொறிவைக்கப் படித்து அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டான். அன்றிலிருந்து அவனோடு வேறு கதை கதைக்க முடியாது. சமையலறை மேசையில் மூன்று பொறிகளைப் பரப்பிவிட்டுப் பெண்பார்க்க வந்தவன் மாதிரிக் கதிரையில் சாய்ந்தான்.

"பார் மச்சான், எது வேணும்?"

முதலாவது காற்பொறி. இரண்டு இரும்புத் தாடை, நடுவில் ஒரு தட்டு. கரையேறுகிற இடத்தில் தண்ணீருக்குள் வைத்தால் காலைப் பிடிக்கும். பிடிபட்டது பயத்தில் ஆழத்துக்கு ஓடும், பாரம் மேலே வரவிடாது. இரண்டாவது சட்டப்பொறி. இரண்டு சதுர இரும்புச் சட்டம், பக்கத்துக்கு ஒரு வில். நீந்திப்போகிற பாதையில் நிறுத்தி வைத்தால் தலையை விட்டதும் கழுத்தில் மூடும். மூன்றாவது வலைப்பின்னலில் செய்த சூட்கேஸ் மாதிரி. விரித்து வைத்தால் உயிரோடு மூடிக்கொள்ளும்.

"சூட்கேஸ் நல்லாக் கிடக்கு," என்றேன்.

"பிடிச்சு எங்க கொண்டுபோய் விடப்போறாய்? சட்டப்படி ஒரு கிலோமீற்றருக்குள்ளதான் விடலாம். நீ சப்பாத்துக் கழட்ட முதல் அது வந்திடும்."

"அப்ப காற்பொறி?"

"அதுக்கு ஆழம் வேணும். உன்ரை இடத்துக்குச் சட்டப்பொறிதான். ஒரு செக்கன். அதுக்கும் நோகாது, உனக்கும் நோகாது."

மூன்றையும் வைத்துவிட்டுப் போனான். நானே தீர்மானிக்கட்டுமாம்.

ஏப்ரல் 29

சட்டப்பொறியைச் சமையலறையில் வைத்துப் பரிசோதித்தேன். பீவரின் கழுத்தளவுக்கு உருண்டையாக ஒரு சாமான் தேவைப்பட்டது. பொறி சரியாக வேலை செய்கிறது. ராசநாயகம் சொன்னபடி ஒரு செக்கன்தான். இதைப்பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

புட்டுக்குழலைக் காணவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். தேடுகிறேன்.

மே 2

காற்பொறியை வைத்துப் பார்க்கலாமென்று ஓடைக்குக் கொண்டுபோனேன். கரையில் ஓவசியரின் காலடி பதிந்திருந்தது. முன்னங்கால் ஐந்து விரலோடு சின்னக் கைமாதிரி இருக்கிறது. ஆழம் போதாது என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். தடி வைத்து அளக்கவில்லை, பார்த்தாலே தெரிந்தது.

சூட்கேஸின் பிணைச்சலில் துரு இருக்கிறது. எண்ணெய் போட்டு ஊறவிடவேண்டும். அவசரப்பட்டு ஒன்றையும் பழுதாக்கக்கூடாது.

மே 4

பேத்தி. காலை பத்து மணிக்கு. தாயும் பிள்ளையும் சுகம். மலர் போனில் முதலில் அழுதாள், பிறகு பிள்ளைக்கு என் மூக்கு என்று சொல்லி மறுபடியும் அழுதாள். அதற்கு ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

போனை வைத்த பிறகு இந்தச் செய்தியைச் சொல்ல ஆள் தேடினேன். பக்கத்துக் காணிக்காரர் ஊரில் இல்லை. ராசநாயகம் போனை எடுக்கவில்லை. ஓடைக்குப் போனேன். எனக்கு இன்றைக்கு இருந்த சந்தோசத்துக்கு யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. ஓவசியர் தலையை நீட்டிக் கேட்டுவிட்டு வாலால் தண்ணீரில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு நீருக்குள் தாண்டு போனார். வெடி கொளுத்தியது என்று எடுத்துக்கொண்டேன்.

கூடாரம் பதினைந்து பாகை. சாப்பிட மறந்துவிட்டேன்.

மே 5

ஒரு முக்கியமான விடயம் இன்று காலைதான் மனதில் பட்டது. வீட்டில் பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகமாட்டோம், நல்ல காரியம் தொடங்கமாட்டோம். அப்படியிருக்க இந்த நாட்களில் ஓர் உயிரைப் பொறிவைத்துப் பிடிப்பது முறையா? முறையில்லை. பொறிகள் மூன்றையும் கராஜில் வைத்துப் பூட்டிவிட்டேன். துடக்குக் கழியட்டும்.

மே 6

மலரிடம் சொன்னேன். சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பிவிட்டது.

"மகள் பெத்தா துடக்கு மருமகன் வீட்டாருக்கு. உங்களுக்கு எங்கால வந்தது?"

"ரத்தம் ஒண்டுதானே."

"தகப்பன் செத்த வீட்டிலேயே துடக்கு ஆர் பாக்கிறது எண்டு தேத்தண்ணி குடிச்ச ஆள் நீங்கள். பீவரைப் பிடிக்கப் பஞ்சி எண்டு சொல்லுங்கோ."

பஞ்சியும் இல்லை, சோம்பலும் இல்லை. அதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மே 13

பதினெட்டுப் பாகை. நாற்றுகளைப் பெரிய கோப்பைகளுக்கு மாற்றினேன். மிளகாய் நல்ல வாளிப்பு. சோறு, பருப்பு, வெண்டிக்காய்ப் பொரியல்.

தண்ணீர் தடியில் நான்கு விரல் ஏறிவிட்டது. ஓவசியர் தினமும் அணையை உயர்த்துகிறார். இவ்வளவு நாளும் கவனித்ததில் ஒன்று தெரிகிறது. ஆள் தனி. பீவர்கள் சோடியாக வாழ்கிறவை, வாழ்நாள் முழுக்க ஒரே சோடி என்று வாசித்தேன். போன வருடம் நானே இரண்டைக் கண்டிருக்கிறேன். இப்போது ஒன்றுதான் மரம் வெட்டுகிறது, ஒன்றுதான் இழுக்கிறது, ஒன்றுதான் சேறு அப்புகிறது. மனுசி விட்டுவிட்டுப் போய்விட்டாள் போல.

மாலையில் ஒரு மடக்குக் கதிரையைக் கரையில் கொண்டுபோய்ப் போட்டேன். கண்காணிப்பதற்கு.

மே 18

மலரின் போன் இப்போதெல்லாம் இரண்டு நிமிடம்தான். பின்னால் பிள்ளை அழும் சத்தம், குக்கர் சத்தம், ஆரணி கூப்பிடும் சத்தம். மேல்மாடி அறைக்குப் புது மெத்தை வாங்கியிருக்கிறார்களாம். யன்னலால் பார்த்தால் பூங்கா தெரியுமாம். பக்கத்துத் தெருவில் தமிழ்க் கடையாம்.

"எப்ப வாறாய்?" என்று கேட்டேன்.

"பாப்பம்," என்றாள்.

மலர் 'பாப்பம்' என்று சொன்ன எதையும் செய்ததில்லை. புதுக் காருக்கும் பாப்பம்தான், கொழும்புக்குப் போவதற்கும் பாப்பம்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், கோடுபோட்டு அடிக்கமாட்டேன்.

மே 21

தண்ணீர் இன்னும் இரண்டு விரல். நாற்றுகள் கோப்பையில் வேர் சுற்றத் தொடங்கிவிட்டன.

மே 25

இருபது பாகை. இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

குளத்தின் நடுவே தடிகளும் சேறும் சேர்த்துக் கட்டிய குவியல்தான் ஓவசியரின் வீடு. வாசல் தண்ணீருக்கு அடியில். தண்ணீர் குறைந்திருந்ததால் மேற்குக் கரையிலிருந்து அதற்குப் பக்கமாகப் போகமுடிந்தது. குறைந்தது என்று எழுதியது பிழை, முழங்கால்வரை இருந்தது, போனேன். எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று தெரியாமல் எந்தப் பொறி சரியென்று தீர்மானிக்க முடியாது அல்லவா. குவியலில் காதை வைத்தேன்.

உள்ளே சிணுங்கல். ஒன்று தொடங்க இன்னொன்று கூடச் சேர்ந்தது. பசிச் சிணுங்கல். பிறகு தாய் ஏதோ முனகியது, அடங்கிவிட்டது. போனில் மலருக்குப் பின்னால் கேட்கிற அதே சத்தம். காதை எடுக்க மனம் வரவில்லை.

மனுசி விட்டுவிட்டுப் போகவில்லை. பிள்ளை பெற்று உள்ளே கிடக்கிறாள். வாசலை எவரும் காணாமல் இருக்கத்தான் அந்த மனுசன் ஒற்றையாளாகத் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறான். நான் அவனைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன்.

திரும்பி வந்து கராஜ் பூட்டைச் சரிபார்த்தேன். மலர் வாசிக்கும்போது சிரிப்பாள். சிரிக்கட்டும். எனக்குத் துடக்கு இல்லையென்றால் ஓவசியர் வீட்டுக்கு இருக்கிறது.

மே 30

மழை. தடி மூழ்கிவிட்டது.

"மருமகன் கேக்கிறார், காணி விசயம் என்ன முடிவெண்டு," என்றாள் மலர். "தண்ணி வடிஞ்சுதோ?"

"வடியுது."

"உண்மையாவோ?"

"நீ இருந்தால் வந்து பாக்கலாம்தானே."

பிள்ளைக்குப் பால் ஆற்றவேண்டும் என்று வைத்துவிட்டாள். நான் சொன்ன விதம் சரியில்லை.

ஜூன் 3

இன்று பேத்திக்கு முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவு. பெயர் இயல்மொழி. நான் போகவில்லை, இந்த வெயிலில் நாற்றுக்கு இரண்டு வேளை தண்ணீர் வார்க்க ஆளில்லை. படம் அனுப்பினார்கள். மூக்கு என்னுடையதுதான், பாவம்.

பின்னேரம் மொன்றியல் போகிற வழியில் ராசநாயகம் வந்தான். கீழ்க்காணியைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"விசரே உனக்கு? ஒரு மாசமாப் பொறியைப் பூட்டி வைச்சிருக்கிறாய். மலர் வரமாட்டன் எண்டு நிண்டாலும் நிப்பா, தெரியுமோ? அங்க அறை எல்லாம் ஆயத்தம்."

எனக்கும் தெரியும். மலரா ஓவசியரா என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கராஜைத் திறந்தேன். அவன் சட்டப்பொறியின் வில்லை மடக்கி, அணைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓவசியர் நீந்துகிற பாதையில் தண்ணீருக்கடியில் நிறுத்தினான். இரண்டு பக்கமும் தடி குத்தினான். விடிய வந்து பார்க்கச் சொல்லிவிட்டு வானை எடுத்தான்.

அப்போது ஐந்தரை மணி. ஓவசியர் பொழுதுபடத்தான் வெளிக்கிடுவார்.

ஜூன் 4

பொறியை எடுத்துவிட்டேன். நேற்றே எடுத்துவிட்டேன், வான் பெரிய றோட்டில் ஏறியிருக்காது. இரும்பைத் தண்ணீரில் விட்டால் துருப்பிடித்துவிடும், அடுத்தவன் சாமான்.

வில்லை எப்படித் தளர்த்துவதென்று தெரியாமல் தடியோடு சேர்த்துப் பிடுங்கினேன். அது தடியில் மூடியது. நான் பின்பக்கமாக விழுந்தேன். போன் சட்டைப்பையில் இருந்தது. இப்போது அரிசி வாளிக்குள் கிடக்கிறது. இரண்டு நாளில் காயும் என்று சொல்கிறார்கள்.

கரையேறி நின்று நடுங்கிக்கொண்டிருக்கும்போது ஓவசியர் வந்தார். வாயில் இலை தழைத்த ஒரு பொப்லார் மரக் கொப்பு. பொறி நின்ற அதே பாதையால் நீந்தி, வீட்டு வாசலில் தாண்டு, கொப்பையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார். மனுசிக்குச் சாப்பாடு.

காணி போனது போனதுதான். மலரிடம் நானே சொல்லவேண்டும். போன் காயட்டும்.

ஜூன் 5

நாற்றைச் சாகவிடமுடியாது. வீட்டு முன்புறப் புல்லைக் கொத்தத் தொடங்கினேன். கால்வாசி நாற்றாவது கொள்ளும். மலரின் ரியூலிப் பூப்பாத்தியைத் தொடவில்லை.

ஜூன் 6

முதுகு. கொஞ்சம் காய்ச்சல். கத்தரி மூன்று வரி நட்டாயிற்று.

ஜூன் 7

இன்று எழுதுவது நான், தவமலர்.

மூன்று நாளாக மனுசன் போன் எடுக்கவில்லை. மூன்றாம் திகதியிலிருந்து மொன்றியலில் நின்ற ராசநாயகம் வீட்டுக்கு வந்து, பொறிவைத்துவிட்டு வந்தேன், அவன் முகம் சரியில்லை என்று வேறு சொன்னான். அந்த வில்லு கையை முறிக்குமாம். அதைக் கேட்ட பிறகு நான் ஏன் அங்கே நிற்கிறேன்? பிள்ளையை ஆரணியின் மடியில் கிடத்திவிட்டு அவனுடைய வானிலேயே ஏறிவிட்டேன். வழி முழுக்கக் கும்பிட்டுக்கொண்டு வந்தேன். வாசலில் வந்திறங்கினால் மனுசன் காய்ச்சலோடு புல்லுக் கொத்திக்கொண்டு நிற்கிறார். இரண்டு கையும் கொப்புளம். என்னைக் கண்டதும் முதல் சொன்ன வார்த்தை, "தண்ணி வடியேல்லை மலர்." நான் மண்வெட்டியைப் பறித்து எறிந்துவிட்டுக் கட்டிலில் கிடத்தினேன். ரசம் வைத்துக் கொடுத்தேன். பிறகு இருந்து இந்தக் கொப்பியை வாசித்தேன். சில திருத்தங்கள் இருக்கின்றன.

வெண்டிக்காய்க் குழம்பு, பால்கறி, வதக்கல், பொரியல். குளிர்பெட்டியில் ஒரு வெண்டிக்காய் இல்லை. வெண்டி விதைப் பொட்டலம்கூடப் பிரிக்காமல் கிடக்கிறது. குப்பையில் இருப்பதெல்லாம் ரொட்டிப் பாண் பையும் கருவாட்டுத் தலையும்.

புட்டுக்குழல் கட்டிலுக்கடியில் இருக்கிறது. பலகை மாதிரித் தட்டையாக.

மகள் பிள்ளைக்கு இவருக்குத் துடக்கு இல்லை. இது இவருக்கும் தெரியும்.

இவ்வளவும் வாசித்து எனக்கு வந்த கோபத்தில், அந்த ஓவசியரைப் பார்த்து ஒரு முடிவு கட்டுகிறேன் என்று பொழுதுபடும் நேரம் ஓடைக்குப் போனேன். மடக்குக் கதிரை கரையிலேயே இருந்தது. அதில் இருந்தேன். எல்லாம் தண்ணீர். இரண்டு வருடம் நான் குனிந்து களை பிடுங்கிய பாத்தி முழுக்கத் தண்ணீர். அந்த நேரம் அவன் கொப்பை வாயில் பிடித்துக்கொண்டு வந்தான். தாய் வெளியே வந்தாள். பின்னால் குஞ்சுகள். இவர் இரண்டென்று எழுதியிருக்கிறார். மூன்று. கடைசிக் குஞ்சு நீந்தமுடியாமல் தாயின் முதுகில் ஏறப்பார்த்து வழுக்கி விழுந்தது. அவள் நின்று, திரும்பி, வாலைக் கொடுத்து ஏற்றிக்கொண்டாள்.

ஒரு மாதம் பிள்ளையையும் தாயையும் வைத்துக் குளிப்பாட்டின கை இது. நான் என்ன முடிவு கட்டுவது.

துடக்கு வீட்டில் கை வைப்பதில்லை. இவர் மே 25 என்று எழுதியிருக்கிறார். எதற்கும் நான் இன்றையிலிருந்து எண்ணுகிறேன். முப்பத்தொன்று கழியட்டும், பிறகு பார்ப்போம்.

நான் பார்ப்போம் என்று சொன்னால் என்ன அர்த்தமென்று இவர் எழுதித்தான் வைத்திருக்கிறார்.

கரையோரம் முழுக்க ஈரமண். வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் இதைவிட நல்ல இடம் வேண்டாம். கோடைக்குள் கடைகளுக்குக் கட்டுக்கட்டாகக் கொடுக்கலாம். வேர் கொண்டுவர ராசநாயகத்துக்குச் சொல்லிவிட்டேன். பொறிகளை ஏற்றிக்கொண்டு போகவும் சொன்னேன். கத்தரிக்கு முன்புறம் போதாது, றோட்டோரத் துண்டையும் கொத்தினால் சரி. ரியூலிப் பாத்தியையும்தான். அதை ஆர் சாப்பிடுவது.

மொன்றியல் அறை நல்ல அறை. மெத்தையும் நல்லது. எனக்குத்தான் அதில் ஒரு நாளும் நித்திரை வரவில்லை. இவருக்குச் சொல்லவில்லை, சொன்னால் தலைகால் தெரியாது. இப்போது எழுதியாயிற்று, வாசிக்கட்டும். நான் இங்கேதான் இருக்கப்போகிறேன்.

ஜூன் 8

காலை பத்தொன்பது பாகை. காய்ச்சல் விட்டுவிட்டது. மேலே உள்ளதை இரண்டு தரம் வாசித்தேன்.

காலைச் சாப்பாடு புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், கட்டைச் சம்பல். குழல் இல்லாததால் துணியில் முடிந்து அவித்தாள். இது உண்மை.